மேஸ்திரியின் பூச்சு

முன்னொரு மாதத்தில், ஒரு பெண்ணின் அடிவயிற்றுக்குள் கைப்பிடியில் அடங்குகிற அளவுக்கு ஒரு வீடு இருந்தது. அவள் பெயர் தில்லைநாயகி. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் அந்த வீட்டுக்கு யாரும் குடிவரவில்லை.

வீட்டைக் கட்டுகிறவனுக்கு டாக்டர்கள் ஈஸ்ட்ரோஜன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளே அவனுக்கு மேஸ்திரி என்றுதான் பெயர். மாதா மாதம் உள்சுவர் உதிரமாகக் கரைந்து போகும். கரைந்து முடிந்ததும் மேஸ்திரி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சாரத்தில் ஏறுவான். பதினாலாம் நாளுக்குள் சுவரை எழுப்பி, ரத்தக் குழாய்களை இழுத்து, மேலே பூசிவிடுவான். நல்ல வேலைக்காரன்தான், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் கல்யாண வீட்டில் தானே மாப்பிள்ளை, சாவு வீட்டில் தானே பிணம் என்கிற ரகம்.

அந்த மாதிரி வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பதினைந்தாம் நாள், கட்டிய சுவரைப் பதமாக்குகிற பதக்காரி வருவாள். முட்டை புறப்பட்டுப் போனபின் அது விட்டுச்சென்ற மஞ்சள் கூட்டிலிருந்து வருகிறவள். டாக்டர்கள் புரோஜெஸ்டிரான் என்பது இவளைத்தான். அவள் வாசலில் கால் வைத்ததும் மேஸ்திரி பூசுகிற கரணையைக் கீழே வைத்து, சாரத்தைப் பிரித்துக்கொண்டு இறங்க வேண்டும். அதன்பிறகு அவள் சுவரை இளக்குவாள், மேல்பூச்சை அங்கங்கே சுரண்டுவாள், சுவருக்குள் மடங்கிக் கிடக்கும் பொடிக் கொக்கிகளை வெளியே நீட்டச் சொல்வாள். வருகிற விருந்தாளி அந்தக் கொக்கியைப் பிடித்துத்தான் தங்க முடியும். அதற்கும் இருபதாம் நாளிலிருந்து நாலே நாள்தான் கெடு. பிறகு வீடு தானாகச் சாத்திக்கொள்ளும்.

ஊரில் உள்ள மேஸ்திரிகள் எல்லாம் மரியாதையாக இறங்கினார்கள். இவன் மட்டும் ஒரு மாதமும் இறங்கியதில்லை.

"மேஸ்திரி, இறங்குங்க. நாளாச்சு" என்றாள் பதக்காரி.

"வந்துட்டியாம்மா? அப்படி ஓரமா நில்லு. இன்னும் ஒரு கை பூசணும்."

"போன மாசமும் ஒரு கைன்னுதான் சொன்னீங்க. சுவரே கரைஞ்சு போச்சு, உங்க ஒரு கை முடியல."

"இது என்ன குட்டிச்சுவருன்னு நெனச்சியா? ஈ உட்கார்ந்தாலும் வழுக்கி விழணும். வர்ற மனுஷன் பார்த்துட்டு, யாருய்யா இதைக் கட்டுனதுன்னு ஒரு வார்த்தை கேக்கணும்."

அதுதான் அவனுடைய ஆசை. ஆறு வருஷத்தில் எழுபத்துச் சொச்சம் சுவர் கட்டியிருக்கிறான், அத்தனையும் கரைந்து போயிற்று. யாராவது ஒருவர் வந்து பார்த்து, அந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும் என்று ஏங்கினான். அந்த ஏக்கத்தைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. அதற்காக அவன் செய்த காரியம்தான் வாயில் நல்ல வார்த்தை வரவிடாமல் செய்கிறது.

பதக்காரி விடவில்லை. "கொத்திவிடாத சுவத்துல பூச்சு பிடிக்குமா மேஸ்திரி? உங்க தொழிலாச்சே, உங்களுக்குத் தெரியாதா?"

"அது கலவைக்குச் சொல்றது. ஆளுக்கு எதுக்கு? என் சுவத்துல ஒரு கீறல் விழுந்துச்சு, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

அவன் எப்போது மனுஷனாக இருந்தான் என்று பதக்காரி மனசுக்குள் கேட்டுக்கொண்டாள்.

அந்த மாதம் நிஜமாகவே ஆள் வந்தது, புறப்பட்டுப் போன முட்டைதான் கருவாகி வந்தது. கடுகில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். குழாய்வழியாக உருண்டு வந்து, வீட்டுக்கு நடுவில் இரண்டு நாள் மிதந்தது. வழிக்குக் கட்டிக்கொண்டு வந்த சோறு அநேகமாகத் தீர்ந்துவிட்டது. இனிச் சுவரைப் பிடித்தால்தான் அதற்குச் சாப்பாடு.

இருபதாம் நாள் பதக்காரி சேதி அனுப்பினாள். சுவரில் உள்ள துவாரம் ஒன்றிலிருந்து ஒரு துளி கசிந்து மேஸ்திரியின் காலடியில் வந்து நின்றது.

"ஆள் வந்தாச்சுங்க. சாரத்தைப் பிரிச்சிடணுமாம். கொக்கிங்க எல்லாம் தலை நீட்டணுமாம்."

மேஸ்திரி குனிந்து பார்த்தான். "யாரு நீ?"

"துளிங்க. சேதி சொல்றவ."

"நான் யாருன்னு தெரியுமா? இந்த வீட்டையே எழுப்பினவன். எனக்கு ஒரு துளி வந்து உத்தரவு போடுதா?"

"உத்தரவு இல்லீங்க, சேதி. கொக்கிங்களுக்கு நான் சொன்னாத்தான் கேக்கும். கொஞ்சம் வழி விட்டீங்கன்னா..."

மேஸ்திரி வழி விடவில்லை. ஒரு கரணைக் கலவையை அள்ளி அந்தத் துவாரத்தின் வாயில் அப்பினான். மட்டக்கோலை வைத்து இழுத்தான், துவாரம் இருந்த இடமே தெரியவில்லை. தன் கைத்திறனைத் தானே கொஞ்ச நேரம் ரசித்தான். பூச்சுக்கு அடியில் கொக்கிகள் சேதி வரும் என்று மடங்கியபடி காத்துக் கிடந்தன.

அதே நாள் வெளியே எதிர்வீட்டில் வளைகாப்பு. தில்லைநாயகி வாசல்வரை போனாள். மாமியார் குஞ்சிதம் அவள் கையிலிருந்த வளையல் தட்டை வாங்கிக்கொண்டு, "நீ பின்னாடி நில்லு, முன்னால வராதே" என்றாள். தில்லைநாயகி செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுக்குள்ளேயும் ஒருவர் வந்து இடம் கேட்டுக்கொண்டிருப்பது அங்கே வளையல் அடுக்கிய ஒருத்திக்கும் தெரியாது.

வந்த ஆள் மெல்லச் சுவரைத் தொட்டது. வழுக்கியது. இன்னொரு பக்கம் தொட்டது. அங்கேயும் வழுக்கியது.

"ஐயா, பிடிச்சுக்க ஏதாச்சும் இருக்குங்களா?"

"சுவத்துல கை வைக்காதே. ஈரம் காயல" என்றான் மேஸ்திரி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"கை வைக்காம எப்படிங்க தங்குறது?"

"தங்குறதா? பெரிய விருந்தாளி ஒருத்தர் வரப் போறாரு. உன்னை மாதிரி தூசியெல்லாம் ஒட்டுறதுக்கா நான் இவ்வளவு பாடுபட்டேன்?"

"எனக்கு நாலு நாள்தாங்க இருக்கு. ஒரு மூலை போதும்."

"மூலையும் என் மூலைதான். தள்ளிப் போ."

அது தள்ளிப் போய் வேறோர் இடத்தில் முயன்றது. நாலு நாளும் தடவித் தடவிப் பார்த்தது. பதக்காரி கீழே நின்று கத்தினாள். சாரத்தின் மேல் கரணை சுவரில் இழைகிற சத்தத்தில் அவன் காதில் எதுவும் விழவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்காவது சங்கு என்று பெயர் வாங்கும், அவளுக்கு அதுவும் இல்லை.

கடைசி நாள் ஆளுக்குக் கை ஓய்ந்தது. சுவரோடு சுவராக வழுக்கிக் கீழே இறங்கத் தொடங்கியது. சாரத்தைக் கடக்கும்போது அது மேலும் கீழும் பார்த்தது. கோபமாக ஏதும் சொல்லத் தெரியாத வயசு.

"சுவரு ரொம்ப அழகா இருக்குதுங்க. யாருங்க கட்டினது?"

மேஸ்திரிக்கு உடம்பு சிலிர்த்தது. ஆறு வருஷம் காத்திருந்த கேள்வி. கரணையை இடுப்பில் செருகி, துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினான்.

"நான்தான்" என்றான்.

கேட்க ஆள் இல்லை.

"யாரு அது?" என்று பதக்காரியிடம் கேட்டான்.

"நீங்க எதிர்பார்த்த பெரிய விருந்தாளிதான், மேஸ்திரி."

மேஸ்திரி சாரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். இடுப்பில் செருகியிருந்த கரணையை எடுத்துக் கீழே வைத்தான். அதோடு நிறுத்தியிருந்தால் அவனை மன்னிக்கலாம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றான். பதக்காரி அடைபட்ட துவாரம் இருந்த இடத்தைப் பார்த்தாள். மஞ்சள் கூடு வாடிக்கொண்டிருந்தது, அவள் புறப்பட்டுவிட்டாள்.

நாலைந்து நாளில் சுவர் கரைந்தது. வெளியே தில்லைநாயகி குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். குஞ்சிதம் கூடத்தில் யாரிடமோ, "நிலம் சரியில்ல, விதையைச் சொல்லி என்ன பண்ண" என்றாள். உள்ளே மேஸ்திரி ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு, "ஆளு சரியில்ல, சுவரைச் சொல்லி என்ன பண்ண" என்றான். ஆடத் தெரியாதவர்களுக்கு உள்ளேயும் கூடம் கோணல், வெளியேயும் கூடம் கோணல்.

உதிரம் வடிந்தது. மேஸ்திரி துண்டைக் கட்டிக்கொண்டு சாரத்தில் ஏறினான். விருந்தாளி கடைசியாகச் சொன்னது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. சுவர் அழகாக இருக்கிறது என்று சொன்னதல்லவா.

அந்த மாதம் பூச்சு முன்னைவிட வழவழப்பாக வந்தது.