துரை கொடுத்த லீவு

மலைத்தோட்டத்துத் துரையிடம் அவருடைய சமையல்காரன் சவரியப்பன், ஊரில் பிறந்திருக்கும் மகனைப் பார்க்க லீவு கேட்டான். துரை மறுத்துவிட்டார். மறுநாள் சூப் ஆறிப்போயிருந்தது. துரை வாசலைக் காட்டி, "லீவ்!" என்று கத்தினார். சவரியப்பன் ஒரு சலாம் போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டான்.

ஒரு வாரம் கழித்துச் சிரித்த முகமாக வந்து நின்றான்.

"உன்னை வேலையை விட்டே போகச் சொன்னேனே!" என்று துரை குதித்தார்.

"அப்படியா துரை? நான் லீவு கேட்டேன், நீங்க 'லீவ்'னீங்க. அந்த நன்றிக்குப் பிள்ளைக்குத் துரைராசுன்னு பேர் வெச்சுட்டேனே!"

"முட்டாளே, அந்த வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் உண்டு!"

"துரை நல்ல அர்த்தத்திலதான் சொல்லியிருப்பீங்கன்னு நம்பினேன்."

ஒரு வாரமாக அடுப்புப் புகையில் கண் சிவந்திருந்த துரைசாணி, உள்ளேயிருந்து ஓடிவந்து கரண்டியை அவன் கையில் திணித்தாள்.

"இனிமே உனக்கு லீவே கிடையாது!"