சுண்ணாம்புத் தளத்தில் காளான்

ஊருக்கு வெளியே, வேப்பமரத்தடியில் ஒரு பெரிய கரையான் புற்று இருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் குரு நல்லக்காள் பேசுவார். கேட்க வருகிறவர்கள் எந்தச் சாதி, எந்தத் தெரு என்று பார்க்காமல், கிடைத்த இடத்தில் நெருக்கியடித்து உட்காருவார்கள். ஊர் மணியக்காரருக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

புற்றை இடித்துவிட்டு அங்கே சுண்ணாம்புத் தளம் போடச் சொன்னார். தளத்தில் அவரும் அவர் வீட்டாரும் மட்டும் உட்காரலாம்.

அந்த வேலையைச் செய்தவர் கொத்தனார் முத்திருளன். நல்லக்காளின் சீடர், வயதில் குருவைவிட மூத்தவர்.

"மேல இருக்கறத மட்டும் இடி. அடியில தோண்டிராத, நாகம் குடியிருக்கும்" என்றார் மணியக்காரர். ஊரையே மிரட்டுகிறவருக்கும் மிரளுவதற்கு ஏதாவது ஒன்று வேண்டுமே.

முத்திருளன் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்தார். கட்டையால் அடித்து அடித்துத் தளத்தைக் கண்ணாடி போல் ஆக்கினார். அதன்பின் குருவின் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு ஒளிந்து திரிந்தார்.

ஐப்பசியில் இடி இடித்தது. மறுநாள் காலை தளம் பிளந்து கிடந்தது. பிளவு நெடுக வெள்ளை வெளேரென்று புற்றுக்காளான்கள்.

மணியக்காரர் கொத்தனாரைக் கூப்பிட்டுக் கத்தினார். "பொழுது சாயறதுக்குள்ள பூசி மூடு. இல்லேன்னா பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஊரவிட்டு ஓடு!"

முத்திருளன் பூச்சுக் கரணையும் கையுமாகக் குருவிடம் ஓடினார்.

"தாயே, கோட்டைக்குப் போடற சுண்ணாம்பு அது. விரலால நசுக்கினா கூழாப் போற காளான் எப்படிப் பொளந்துச்சு?"

"கரணையக் குடுங்கண்ணே."

நல்லக்காள் நேராகப் போய்த் தளத்தில் ஏறி உட்கார்ந்தார். பிளவுக்குள் கரணையை விட்டு, ஒரு காளானைச் சுற்றி நெம்பினார்.

"காம்பு எங்க போகுது, பாருங்க."

முத்திருளன் குனிந்து பார்த்தார். "கீழ போய்க்கிட்டே இருக்கு தாயே."

"நீங்க எத இடிச்சீங்க?"

"மேல இருந்தத."

நல்லக்காள் காளானையெல்லாம் பறித்து, அங்கேயே மூன்று கல்லைக் கூட்டிக் குழம்பு வைத்தார். வாசனை தெருத் தெருவாகப் போய் ஊரை அழைத்து வந்தது. எல்லோரும் தளத்தின் மேலேயே, பழையபடி நெருக்கியடித்துப் பந்தியில் உட்கார்ந்தார்கள்.

மணியக்காரர் மூச்சிரைக்க வந்தார்.

"எந்திரிங்க! யாரக் கேட்டு ஏறினீங்க?"

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அவர் கொத்தனார் பக்கம் திரும்பினார். "இந்தக் கூட்டத்த விரட்டிட்டுப் பூசுடா! இப்பவே!"

முத்திருளன், பூசக் குழைத்து வைத்திருந்த சுண்ணாம்புச் சட்டியைப் பார்த்தார். குருவைப் பார்த்தார்.

"தாயே, எனக்கு வீடு வாசல் எல்லாம் இந்த ஊர்லதான். பூசிரட்டுமா?"

நல்லக்காள் கரணையை முந்தானையில் துடைத்து அவரிடம் நீட்டினார்.

"தாராளமாப் பூசுங்கண்ணே. காளான் ஒடச்சுக்கிட்டு வந்துரும். நீங்க வருவீங்களா?"

முத்திருளன் கரணையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, பந்தியில் ஒருவர் நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்தார்.