கிடாவுக்காகத் துரை அழுத அழுகை

அந்தக் காலத்திலே மாங்குறிச்சி நாட்டை ரகுபூபதின்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டு இருந்தார். நல்ல மனுஷன்தான், ஆனா காலையிலே ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி.

அவரோட செல்லச் சண்டைக்கிடா செத்துப்போச்சு. துக்கம் கேட்க வந்த வெள்ளைக்கார வியாபாரி துரை, நெஞ்சிலே கையை வெச்சு, "ஐ ஸாப், ராஜா"ன்னார். ராஜாவுக்கு அந்த வார்த்தை பிடிச்சுப்போச்சு. "ஸாப்னா என்னய்யா?"

துபாஷி சேஷகிரி முந்திக்கிட்டார். துரைமார் பேச்சை மொழிபெயர்க்கிறவர். மந்திரி திருமேனியோட முத்திரை மோதிரத்து மேலே அவருக்கு ரொம்ப நாளாக் கண்ணு. "மாரிலே அடிச்சுக்கிட்டு ஒப்பாரி வைக்கிறது மகாராஜா!"ன்னு சொல்லி, "ஐயோ என் கிடாவே!"ன்னு அலறியே காட்டிட்டார்.

துரை பதறி, "நோ, நோ!"ன்னார்.

"பாருங்க, துரைக்குத் துக்கம் தாங்கலே. போதும்கிறார்."

ராஜா மந்திரி பக்கம் திரும்பினார். "நீர் என்ன சொல்றீர்?"

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது மகாராஜா. ஆனா துரை 'நோ'ன்னது புரியுது."

"அப்போ நாளைக்குச் சபையிலே அந்த அழுகையை நீர் காட்டணும். துரை 'எஸ்'னு சொல்லணும். இல்லேன்னா மோதிரம் சேஷகிரிக்கு!"

மந்திரி நேரே துரைகிட்டே போய்ச் சைகையிலே கேட்டார். துரை தொண்டையைப் பிடிச்சார், தோளைக் குலுக்கினார். 'அட, இது அடக்கினா வர்ற அழுகை! நடிச்சா வராது, வரவழைக்கணும்'னு மந்திரிக்குப் பிடிபட்டுது.

மறுநாள் சபை கூடிச்சு. மந்திரி எழுந்தார். "மகாராஜா, துபாஷி மாதிரி இங்கிலீஷ் யாருக்கு வரும்? துரையோட கப்பல் நாளைக்குக் கிளம்புது. நம்ம தூதரா இவரையே சீமைக்கு அனுப்பிடலாமே!"

"பலே! கொண்டா சால்வையை!"

சேஷகிரிக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. கடல் தாண்டினா ஊரு தள்ளிவெச்சுடும். கல்யாணத்துக்கு நிக்கிற மகளை அப்புறம் எவன் கட்டுவான்? வாய்விட்டு அழலாம்னா அதுக்கும் வழியில்லே. ராஜா சால்வை போர்த்தும்போது அழுதா அபசகுனம், முதுகுத்தோல் உரிஞ்சுடும்.

"பெ... பெரும் பாக்... பாக்கியம், ம... மகா..." தோள் குலுங்குது, மூச்சு முட்டுது, தொண்டையிலே ஏதோ ஏறி ஏறி இறங்குது.

துரை துள்ளி எழுந்தார். "எஸ்! எஸ்! ஸாப்!"

"இதான் மகாராஜா அர்த்தம்"ன்னார் மந்திரி. "அடக்க அடக்க மூச்சோட முட்டிக்கிட்டு வர்ற அழுகை. நாம விம்முறது, தேம்புறதுன்னு சொல்லுவோமே, அதான்."

"எப்போய்யா வரும் அது?"

"கிடா செத்தாலும் வரும். அடுத்தவன் மோதிரத்துக்கு ஆசைப்பட்டாலும் வரும்."

ராஜா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். சேஷகிரி தோளிலே கிடந்த சால்வையை உருவி மந்திரிக்குப் போர்த்தினார். "இவரை என்ன பண்ணலாம்?"

"மக கல்யாணத்தை முடிக்கட்டும் மகாராஜா. இங்கேயே இருக்கட்டும்."

அவ்வளவுதான்! சேஷகிரி மந்திரி காலிலே விழுந்து, மாரிலே அடிச்சுக்கிட்டு, கோட்டைவாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி ஓன்னு அழுதார்.

"இதுவும் ஸாப்தானா?"ன்னார் ராஜா.

மந்திரி வாயைத் திறக்கிறதுக்குள்ளே துரை காதைப் பொத்திக்கிட்டார். "நோ, நோ!"