வைத்தமாநிதியின் கணினி

குருவுக்கு வயது முப்பத்து நான்கு, சீடருக்கு அறுபத்து மூன்று. ஞானம் பிறப்புச் சான்றிதழ் பார்த்து வருவதில்லை என்பதால் இருவருக்கும் இதில் சங்கடமில்லை.

குருவின் பெயர் ரஹ்மத் நிஷா. தாலுகா அலுவலக வாசலில், வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து மனு எழுதுகிறவர். சீடர் வைத்தமாநிதி ஐயங்கார், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். முப்பது வருடம் பிள்ளைகளின் பிழைகளைத் திருத்திய கை சும்மா இருக்க மறுத்தது. ஊராருக்கு மனு எழுதிக் கொடுத்தால் புண்ணியமாவது மிஞ்சும் என்று ரஹ்மத்திடம் தொழில் பழக வந்திருந்தார்.

மூன்று வாரமாகியும் ஒரு மனுகூட முடிந்தபாடில்லை. வந்தவர்கள் அவர் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து ரஹ்மத்திடம் போனார்கள். குற்றம் தன் கணினியுடையது என்று அவர் முடிவுகட்டினார்.

"அம்மா, அன்றாடத்துக்கு உதவுகிற சின்னக் கணினி எது? என்னுடையதில் நினைவகம் போதாதோ?"

ரஹ்மத்தின் கணினி எட்டு வருடப் பழசு. விசைகளில் எழுத்துகள் அழிந்துபோயிருந்தன. உடைந்த மூலையில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி.

"என்னோடதுக்கு உங்களுது ராஜா, ஐயா."

"அப்போது எடையா?"

"நாளைக்கு ஜமாபந்தி கடைசி நாள். ஒரு மணி வரைக்கும்தான் மனு வாங்குவாங்க. நேரத்தோட வாங்க."

கேள்விக்கு இது பதில்தானா என்று சீடருக்கு விளங்கவில்லை. குருமார்களிடம் இது வழக்கம்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அவர் முன்னால் வந்து உட்கார்ந்தவர் பேச்சித்தாயி. பீடி சுற்றுகிறவர்; பீடித்தட்டும் கையோடு வந்திருந்தது.

"ஆதார்ல பேச்சித்தாயின்னு இருக்கு, பட்டாவுல வேற மாதிரி இருக்கு. ரெண்டும் ஒரே ஆளான்னு கேட்டு, வீடு கட்டுற திட்டத்துல இருந்து திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னைக்கு விட்டா அடுத்த வருசந்தான் ஐயா. அதுவரைக்கும் எங்கூட்டுக் கூரை நிக்காது."

"சொல்லுங்கள், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்," என்றார் வைத்தமாநிதி. கேட்கவில்லை. பெயருக்கு ஏற்றபடி அவர் எதையும் பத்திரப்படுத்துகிறவர். தோல்பையைத் திறந்தார். உள்ளே அட்டைப்பெட்டி. அதற்குள் பட்டுத்துண்டு. அதைப் பிரித்து நான்காய் மடித்து ஓரம் வைத்தார். கணினிமேல் கடைக்காரர் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. மேசைமேல் விரிப்பு போட்டு, கணினியை வைத்து, சமமாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

திறந்தால் திரையில் அவர் முகமும் வேப்பமரமும்தான் தெரிந்தன. மேசையை நிழலுக்கு இழுத்தார். கணினி ஒரு முறை கண் விழித்து, பேட்டரி இல்லை என்று சொல்லிவிட்டு அணைந்தது.

"சார்ஜர் இல்லியா ஐயா?"

"வீட்டில் இருக்கிறது. கொண்டுவந்தால் வயர் நசுங்கிவிடும்."

பேச்சித்தாயி எழுந்தார். "பூசை முடிஞ்சு நடை தெறந்ததும் சொல்லி அனுப்புங்க. நான் அந்தப் பிள்ளைகிட்ட போறேன்."

அந்தப் பிள்ளையைச் சுற்றிப் பதினான்கு பேர் நின்றார்கள். மணி பன்னிரண்டு இருபது. இந்த அம்மாளின் ஒரு வருடத்தை நான் தின்றுவிட்டேனே என்று வைத்தமாநிதி நினைத்தார்.

கூட்டத்தை விலக்கி, பேச்சித்தாயியைக் கூட்டிக்கொண்டு ரஹ்மத் வந்தார். பிளாஸ்திரி ஒட்டிய தன் கணினியைச் சீடர் கையில் கொடுத்தார்.

"இவங்களுக்கு எழுதிட்டுத் தாங்க. நான் அதுவரைக்கும் பேனாவுல குறிச்சுக்கிடுதேன்."

வைத்தமாநிதி அதை மேசைமேல் வைக்கப் போனார்.

"மேசை வேண்டாம். பெஞ்சுல அவங்க பக்கத்துல உக்காந்து, தொடைமேல வைங்க."

உட்கார்ந்தார். திறந்ததும் எழுதத் தயாராக இருந்தது. பேச்சித்தாயி சொல்லச் சொல்ல அவர் தட்டினார். பேச்சித்தாயி எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். தோளோடு தோள் சாய்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று புகையிலைத்தூள் ஒட்டிய விரலைத் திரையில் அழுத்தினார்.

"இங்கன என் பேருல 'யி' எங்க?"

"அது பேச்சுவழக்கு அம்மா. எழுத்தில் 'பேச்சித்தாய்' என்பதுதான் சரி."

"இப்படித்தான் ஐயா, பட்டா எழுதுனவரும் சரி பண்ணிட்டாரு. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

பதினான்கு பேரும் சிரித்தார்கள். வைத்தமாநிதிக்குக் காது சிவந்தது. முப்பது வருடத்தில் முதல்முறையாக, தெரிந்தே, 'ய்'யை அழித்துவிட்டு 'யி' போட்டார்.

"இப்போது?"

"இப்பதான் நான்."

பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, பேச்சித்தாயி கைநாட்டு வைக்காமல் கையெழுத்தே போட்டு, ஒன்றுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது மனு உள்ளே போனது. முத்திரை குத்திய ரசீதைப் பீடித்தட்டுக்கு அடியில் செருகிக்கொண்டு, "வாரேன் ஐயா, நல்ல கை உங்களுக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்ததும் வைத்தமாநிதி குருவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, இன்னும் ஒரு தடவை கேட்கிறேன். இது ஏன் உதவுகிறது, என்னுடையது ஏன் உதவவில்லை? அதுவும் மடிக்கணினி, இதுவும் மடிக்கணினி."

ரஹ்மத் தண்ணீர் குடித்துவிட்டு பாட்டிலை மூடினார்.

"ஐயா, உங்க வீடுகள்ல துவைச்சு, தனியாக் காயப்போட்டு, யார் கையும் படக்கூடாதுன்னு குச்சியால எடுப்பாங்களே, அந்தத் துணிக்கு என்ன பேரு?"

"மடி."

"கணினிக்குப் பேரு வெச்சவங்க அந்த மடியைச் சொல்லல, ஐயா."