ஆளுக்கொரு துறைக்கல்

நடுவே ஆறு ஓடும் காடு ஒன்று இருந்தது. ஆற்றின் பெயர் செங்காலி. அதற்கு இந்தப் பக்கம் பள்ளக்கரை, அந்தப் பக்கம் மேட்டுக்கரை.

பள்ளக்கரையில் மண் இளக்கமானது. கோடைக்காலத்தில் மூக்கை வைத்து முட்டினாலே கிழங்கு வெளியே வந்து விழும். ஆனால் மழை பிடித்துவிட்டால் எல்லாம் சேறாகிவிடும், கிழங்கும் அழுகிப்போகும். மேட்டுக்கரையோ பாறைக் காடு. அங்கே கிழங்கு முளைக்காது. ஆனால் அங்கே ஒரு பெரிய மருதமரம் இருந்தது. அதன் அடிமரத்தில் யானைக்குட்டி நுழைந்து திரும்பும் அளவுக்கு ஒரு பொந்து. எவ்வளவு மழை கொட்டினாலும் அதற்குள் ஒரு சொட்டு இறங்காது.

அந்தப் பொந்துக்குக் காவல் மலையணிலார். பள்ளக்கரை விலங்குகள் கோடையில் தோண்டிய கிழங்கை அவரிடம் கொடுத்துவைக்கும். மழைக்காலத்தில் தினமும் போய்த் தேவையானதை வாங்கிவந்து சாப்பிடும். யாருக்காவது நோய்நொடி வந்து தோண்ட முடியாமல் போனால், மலையணிலார் மற்றவர் குவியலிலிருந்து கேட்டு வாங்கிக் கொடுப்பார். அடுத்த கோடையில் அது திரும்பி வந்துவிடும். மேட்டுக்கரை மான்களும் குரங்குகளும் நெல்லிக்காயும் இலுப்பைப் பழமும் கொண்டுவந்து கொடுத்துக் கிழங்கு வாங்கிப்போகும். இரு கரையும் அந்தப் பொந்தை நம்பித்தான் பிழைத்தன.

ஆற்றைக் கடக்க ஒரே ஒரு துறைதான் உண்டு. அங்கே மட்டும் தண்ணீர் முயலின் வயிற்றளவு. மழைக்காலத்தில்கூட, மழை விட்ட நேரம் பார்த்து இறங்கினால் கடந்துவிடலாம்.

துறையைப் பார்த்துக்கொண்டவள் ஒரு நீர்நாய். துறைக்காரி என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. யானையோ எலியோ, துறையில் இறங்குகிறவர் கரையிலிருந்து ஒரு கல்லை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். ஆற்றுக்குள் அவள் காட்டும் இடத்தில் அதைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். யானை கொண்டுவருவது பலாப்பழம் அளவு இருக்கும், எலி கொண்டுவருவது நெல்லிக்காய் அளவு இருக்கும். அளவைப் பற்றித் துறைக்காரி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வெறும் வாயோடு வந்தால் மட்டும் "திரும்பிப் போ" என்பாள். அந்தக் கல்லுக்குத் துறைக்கல் என்று பெயர்.

எதற்காகப் போடுகிறோம் என்று யாரும் கேட்டதில்லை. அப்பா போட்டார், அதனால் பிள்ளையும் போட்டது. துறைக்காரிக்குக் கொடுக்கும் கூலி அது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். மீன் தின்கிறவளுக்குக் கல் எதற்கு என்று கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

பள்ளக்கரையில் கோரன் என்றொரு காட்டுப்பன்றி இருந்தான். அவனைப் போல உழைப்பாளி இரண்டு கரையிலும் கிடையாது. அவனுக்கு நான்கு குட்டிகள். மூன்று குட்டிகள் உருண்டு திரண்டிருந்தன. கடைக்குட்டி மட்டும் நோஞ்சான். நெற்றியில் வெள்ளைச் சுழி இருந்ததால் அதற்குச் சுட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"இந்த மழைக்காலத்தை மட்டும் வயிறு காயாமத் தாண்டிட்டா போதும், இவன் தேறிடுவான்" என்று குட்டிகளின் அம்மா சொல்லியிருந்தாள்.

அது கோரனின் காதிலேயே நின்றது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தோண்டினான். கிழங்குகளைக் கொடியோடு சேர்த்துக் கவ்விக்கொண்டு ஆற்றைக் கடந்தான். ஒவ்வொரு நடையிலும் துறைக்கல்லுக்காக வாயில் இடம் விட வேண்டியிருந்தது. அது அவனுக்கு உறுத்தியது.

ஒரு நாள் அவன் நடு ஆற்றில் நின்றுவிட்டான். பின்னால் முயலும் முள்ளம்பன்றியும் எலியும் வந்துகொண்டிருந்தார்கள்.

"துறைக்காரியக்கா, ஒண்ணு கேக்கணும்" என்றான்.

"கல்லைப் போட்டுட்டுக் கேளு."

"கல்லைப் பத்தித்தான் கேக்கணும். இதைக் கவ்வுற இடத்துல இன்னும் ரெண்டு கிழங்கைக் கவ்விக்கிட்டு வரலாம். கோடை முழுக்கச் சேர்த்துப் பாருங்க, எவ்வளவு வீணாப் போகுது!"

"வீணா?" என்றாள் துறைக்காரி. அவள் மீசை விறைத்தது.

"பின்னே என்னக்கா? எங்க தாத்தா காலத்துலேர்ந்து கல் கொடுக்கிறோம். அத்தனை கல்லும் எங்கே? ஒரு குவியலையாவது காட்டுங்க பாப்போம்."

"உன் காலுக்குக் கீழேதான் இருக்கு."

கோரன் குனிந்து பார்த்தான். பாசி தெரிந்தது. மணல் தெரிந்தது. இரண்டு கெண்டைக் குஞ்சுகள் ஓடின. அவன் சிரித்துவிட்டான். முயலும் முள்ளம்பன்றியும் சேர்ந்து சிரித்தார்கள்.

துறைக்காரிக்குச் சட்டென்று கோபம் வரும். அன்றைக்கு அவள் கோபத்தை விழுங்கிக்கொண்டு, பாசியையும் மணலையும் விலக்கிக் காட்டியிருக்கலாம். அவள் காட்டவில்லை. அது அவள் செய்த தவறுதான், அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"போடுறவங்க போடுங்க, போடாதவங்க போங்க. இனிமே யாரையும் நான் தடுக்கல" என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீருக்குள் முங்கிப் போனாள்.

மறுநாள் கோரன் கல் இல்லாமல் வந்தான். அதற்கு மறுநாள் முயலும் முள்ளம்பன்றியும் அப்படியே வந்தார்கள். யானைக் கூட்டமும் விஷயத்தைக் கேள்விப்பட்டுத் தும்பிக்கையை வீசிக்கொண்டு வந்தது. எலி மட்டும் பழக்கத்தை விட முடியாமல் நெல்லிக்காய் அளவு கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தது. "இன்னுமா?" என்று எல்லோரும் கேலி செய்யவே, ஐந்தாம் நாள் அதுவும் நிறுத்திவிட்டது.

மருதமரத்துப் பொந்து அந்தக் கோடையில் நிரம்பியதைப் போல என்றைக்கும் நிரம்பியதில்லை. கிழங்கு வாசல்வரை வந்து நின்றது. மலையணிலார் படுக்க இடமில்லாமல் கிளைக்குக் குடிபோனார்.

"எனக்குச் சந்தோஷந்தான் கோரா. ஆனா மனசுல ஒண்ணு உறுத்துது" என்றார் அவர்.

"என்ன அணிலண்ணே?"

"இவ்வளவையும் கொண்டுவந்து வச்சுட்டீங்க. மழையில இதை எடுக்க எந்த வழியா வருவீங்க?"

"இது என்ன கேள்வி? வந்த வழியாத்தான்!"

கோரன் கலகலவென்று சிரித்தான். கேட்டவர் சிரிக்கவில்லை.

துறையில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. அடியில் இருந்த கற்களை ஆறு ஒவ்வொரு நாளும் ஒன்றிரண்டாக உருட்டிக்கொண்டு போயிற்று. முன்பெல்லாம் போனதற்கு ஈடாகப் புதிய கல் வந்து விழும். இப்போது விழவில்லை. துறைக்காரி தன்னால் முடிந்ததைத் தள்ளிக்கொண்டுவந்து போட்டாள். ஒருத்தியின் இரண்டு கைகள் எவ்வளவு தள்ளும்? முயலுக்கு வயிற்றளவு இருந்த தண்ணீர் கழுத்தளவு ஆயிற்று. முயல் தான்தான் இளைத்துக் குறுகிவிட்டதாக நினைத்து வருத்தப்பட்டாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. முதல் வெள்ளத்திலேயே துறை நடுவில் உடைந்தது. முயலின் வயிற்றளவு தண்ணீர் ஓடிய இடத்தில் யானையை விழுங்கும் பள்ளம் விழுந்தது. பள்ளத்தில் ஒரு சுழி எழும்பி, மரக்கிளைகளை இழுத்து உள்ளே வைத்துக்கொண்டது.

மழை ஒரு நாள் விட்டது. விலங்குகள் கரைக்கு ஓடிவந்து பார்த்தன. மழை விட்டும் துறை இல்லை.

மறுகரையில் மருதமரம் நின்றது. அதற்குள் அவர்கள் கோடை முழுக்கத் தோண்டிய கிழங்கு இருந்தது. காற்று இந்தப் பக்கம் வீசும்போது அதன் மணம்கூட வந்தது. மலையணிலார் கரையோரக் கிளைக்கு வந்து ஒரு கிழங்கைத் தன் பலமெல்லாம் கூட்டி எறிந்தார். அது ஆற்றில் கால்வாசி தூரம்கூட வராமல் விழுந்தது.

மேட்டுக்கரை விலங்குகள் கிழங்கின் மேல் உட்கார்ந்திருந்தன. பள்ளக்கரை விலங்குகள் பசியின் மேல் உட்கார்ந்திருந்தன.

காட்டுப்பன்றி நன்றாக நீந்தும். கோரன் ஆற்றில் குதித்தான். சுழி அவனைச் சுற்றித் தூக்கி இந்தக் கரையிலேயே எறிந்தது. மறுபடியும் குதித்தான். மறுபடியும் எறிந்தது. மூன்றாம் முறை குதிக்கப் போனபோது குட்டிகளின் அம்மா அவன் முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"நீங்களும் போயிட்டா இதுங்களுக்கு யாரு இருக்கா?" என்றாள். கோரன் சேற்றில் உட்கார்ந்தான்.

அப்போது சுழிக்கு அப்பால் தண்ணீருக்கு மேலே ஒரு சின்னத் தலை தெரிந்தது. துறைக்காரி! அவள் மட்டும் சுழியின் அடியில் புகுந்து வரத் தெரிந்தவள். வாயில் ஒரு கிழங்கு இருந்தது. அதைக் கரையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். பிறகு இன்னொன்றோடு வந்தாள். வாய் நிறையக் கிழங்கு இருந்தபோது அவளால் பேச முடியவில்லை. வாய் காலியான பிறகும் அவள் பேசவில்லை.

ஒரு நாளைக்கு எட்டுக் கிழங்கு, மிஞ்சினால் பத்து. பள்ளக்கரையில் முப்பது குடும்பங்கள் இருந்தன. மூன்று நாளைக்கோ நான்கு நாளைக்கோ ஒரு தடவைதான் ஒரு குடும்பத்துக்கு முறை வந்தது.

கோரனின் முறை வந்த அன்று அவன் கிழங்கைக் கவ்விக்கொண்டு புதருக்கு ஓடினான். மூன்று குட்டிகள் எழுந்து வந்தன. சுட்டி எழவில்லை. அம்மா அதன் நெற்றிச் சுழியை நக்கிக்கொண்டே இருந்தாள். கோரன் கிழங்கைச் சுட்டியின் மூக்கருகில் வைத்துப் பார்த்தான். வெகுநேரம் வைத்திருந்தான். பிறகு அதை மூன்றாகக் கடித்து மற்ற மூன்று குட்டிகளுக்கும் கொடுத்தான்.

மார்கழிக் கடைசியில் ஆறு தெளிந்தது. தண்ணீர் வடிந்து, வெள்ளம் பாசியையும் மணலையும் வழித்துக்கொண்டு போயிருந்தது. அதனால் ஆற்றின் அடி அப்படியே தெரிந்தது.

இரு கரையிலும் விலங்குகள் கூடிநின்று பார்த்தன. இந்தக் கரையிலிருந்து ஒரு கல்வரிசை ஆற்றுக்குள் போயிற்று. அந்தக் கரையிலிருந்து ஒரு கல்வரிசை ஆற்றுக்குள் வந்தது. பலாப்பழம் அளவு கற்களுக்கு நடுவே தேங்காய் அளவு கற்கள், அவற்றின் சந்துகளில் நெல்லிக்காய் அளவு கற்கள். எல்லாம் இறுக்கி அடுக்கப்பட்டிருந்தன. நடுவில் மட்டும் ஒன்றும் இல்லை. பள்ளம் இருந்தது.

"இத்தனையும் நாம போட்டதா?" என்றாள் முயல், சன்னமான குரலில்.

"நீங்களும், உங்களுக்கு முன்னால இருந்தவங்களும்" என்றாள் துறைக்காரி. "அடுக்கினது மட்டுந்தான் நானு. அன்னைக்கே காட்டியிருக்கணும். எனக்குக் கோபம் வந்திடுச்சு."

யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டுவதற்கு எல்லோரும் எல்லோர் முகத்தையும் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஆற்றைப் பார்த்தார்கள்.

கோரன் கரையில் தேடினான். பெரிய கற்களையெல்லாம் தாண்டிப் போய், ஒரு பன்றிக்குட்டியின் வாய்க்கு அடங்கும் அளவில் ஒரு சின்னக் கல்லை எடுத்தான். அதைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் போட்டான். சின்னச் சத்தம்தான் கேட்டது. திரும்பி வந்து, தன்னால் தூக்க முடிந்ததிலேயே பெரிய கல்லைக் கவ்வினான். அவன் பின்னால் முயல் கல்லெடுத்தாள். முள்ளம்பன்றி எடுத்தது. யானைகள் வரிசையாக இறங்கின. எலி ஓடிவந்து நெல்லிக்காய் அளவு கல்லைத் தூக்கியபோது யாரும் கேலி செய்யவில்லை.

மாசி முடிவதற்குள் துறை மேலே வந்தது. பொந்துக்குக் கிழங்கு போயிற்று, பொந்திலிருந்து நெல்லிக்காயும் இலுப்பையும் வந்தன. அந்தக் காட்டில் அதற்குப் பிறகு கல் இல்லாமல் யாரும் துறையில் இறங்கியதில்லை.

கோரன் மட்டும் ஒவ்வொரு நடைக்கும் இரண்டு கல் கொண்டுவந்தான். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. கிழங்குக்கு வாயில் இடம் குறைந்துபோயிற்று. அவன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

விஷயம் தெரியாத இளம் மான் ஒன்று ஒரு நாள் கேட்டது: "ஆளுக்கு ஒரு கல்தானே மாமா? நீங்க எதுக்கு ரெண்டு போடுறீங்க?"

"பெரிசு என்னோடது" என்றான் கோரன். "சின்னது என் கடைக்குட்டியோடது."

நீதி: எல்லோரையும் சுமக்கும் வழியை எல்லோரும் சேர்ந்துதான் சுமக்க வேண்டும்.