வெளுப்பாக் காட்டுன பிரிண்டர்

இந்தா ஆதிரை, இப்படி என் பக்கம் திரும்பிப் படு. கால மேல போடாத, வேர்க்குது. மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்குனாத்தான் சாயங்காலம் கடைத்தெருவுக்கு, சொல்லிட்டேன். ராஜா கதையும் வேணாங்கற, பேய்க் கதையும் வேணாங்கற. வேற என்னதான்டி வேணும் உனக்கு?

“கெட்டவங்க வர்ற கதை சொல்லு பெரியம்மா.”

கெட்டவங்களா? சரி. நெறைய பேரு வேணாம், ஒருத்தி போதும். எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒருத்தி இருக்கா. நீ ‘ம்’ கொட்டிக்கிட்டே இருக்கணும். நிறுத்துனா நானும் நிறுத்திடுவேன்.

“ம்.”

ஒரு ஊர்ல ஒரு அக்காவும் தங்கச்சியும் இருந்தாங்க. ஊரு துறையூர்னே வெச்சுக்கயேன். அக்காவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, ஆனா ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. அப்பா கிடையாது. அம்மா பாவம், வாயே திறக்காது. அதனால அந்த வீட்டுல எல்லாத்துக்கும் பெரியவதான் முன்னாடி வந்து நிப்பா. சின்னவளுக்கு மாப்பிள்ளை பாக்கற பொறுப்பும் அவளோடதுதான். யாரும் அவகிட்ட குடுக்கல, அவளே எடுத்துக்கிட்டா.

“ம்.”

சின்னவ இருக்காளே, அவ நல்ல களாப்பழக் கறுப்பு. பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். சிரிச்சா அந்த இடமே கலகலன்னு ஆயிடும். பெரியவ கொஞ்சம் வெளுப்பு. கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்த வெச்சுக்கிட்டு அவ பண்ண அலட்டல் இருக்கே, சொல்லி மாளாது.

அப்புறம் தரகர் வர ஆரம்பிச்சாரு. அவரு மொதல்ல கேக்கறது ஜாதகம் ஒண்ணு, போட்டோ ஒண்ணு. மாப்பிள்ளை வீட்டுக்குப் புடிக்கலன்னா ஜாதகத்த மரியாதையாத் திருப்பிக் குடுத்துருவாங்க. போட்டோ மட்டும் திரும்பி வரவே வராது. எந்த வீட்டு பீரோவுல கெடக்குமோ, எந்த டிராயர்ல மடங்கிக் கெடக்குமோ. அதனால மறுபடி மறுபடி ஸ்டுடியோவுக்குப் போயி காப்பி போட்டுட்டு வரணும்.

அந்த ஸ்டுடியோக்காரரு கெட்டவரு இல்ல. ஆனா ஒவ்வொரு தடவையும் கண்ணாடிய நெத்திக்குத் தூக்கி விட்டுட்டு, கடை முழுக்கக் கேக்கற மாதிரி, “என்னம்மா, தங்கச்சிக்கு இன்னும் அமையலையா?”ன்னு கேப்பாரு. ஏழாவது தடவை கேட்டப்போ பக்கத்துல பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்திருந்த ஆறு பேரும் திரும்பிப் பாத்தாங்க. பெரியவளுக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல. அப்போ முடிவு பண்ணா, இனிமே இந்தக் கடை வாசப்படி மிதிக்கறதில்ல, வீட்டுக்கே ஒரு போட்டோ பிரிண்டர் வாங்கிடறதுன்னு.

“எங்க ஸ்கூல் ஆபீஸ்ல இருக்குமே, டர்ருன்னு பேப்பர் துப்புமே, அதுவா?”

அதுல ஒரு தினுசு. கேளு. பஸ்ஸப் புடிச்சுத் திருச்சிக்குப் போனா. ஜெரால்டுன்னு ஒருத்தரு கம்ப்யூட்டர் கடை வெச்சிருந்தாரு. “எனக்கு வெலையும் கம்மியா இருக்கணும், போட்டோவும் ஸ்டுடியோ மாதிரி இருக்கணும்”னா. அவரு சிரிச்சாரு. “எல்லாரும் அப்படித்தான்க்கா கேக்கறாங்க. போட்டோவக் குடுங்க, மூணு மெஷின்ல போட்டுக் காட்டறேன், நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க”ன்னாரு. போன்ல சின்னவ போட்டோ இருந்துச்சு. பள்ளிக்கூட ஆண்டு விழாவுல எடுத்தது. இலைப்பச்சைப் புடவை கட்டி, ஒரு பக்கமாத் திரும்பிச் சிரிச்சுக்கிட்டு நிப்பா.

“ம்.”

மொத மெஷின் கறுப்பா, கனமா இருந்துச்சு. டர்ர்ர்ர்... டக்! ஒரு நொடியில வந்து விழுந்துச்சு. எடுத்துப் பாத்தா நியூஸ் பேப்பர்ல வர்ற காணாமப் போனவங்க போட்டோ மாதிரி, மூஞ்சி பூரா கோடு கோடா. “இது லெட்டர் அடிக்கத்தான்க்கா லாயக்கு, போட்டோவுக்கு ஆகாது”ன்னு அவரே தள்ளி வெச்சுட்டாரு.

அப்புறம் ரெண்டாவது மெஷின். அதுல பக்கவாட்டுல கண்ணாடி மாதிரி தொட்டி, தொட்டிக்குள்ள கலர் கலரா மை. பளபளன்னு இருக்கற போட்டோ பேப்பர சொருகுனாரு. அது மெதுவா, சர்ர்க்... சர்ர்க்... சர்ர்க்குன்னு, பூக்கட்டறவங்க மாதிரி பொறுமையா இழுத்துச்சு. வந்துச்சு பாரு! அப்படியே அவளேதான். புடவைப் பச்சை, பொட்டோட அரக்கு, தலைல எண்ணெய் மினுமினுப்பு, மோவாயில சின்ன வயசுல விழுந்த தழும்பு கூட. களாப்பழ நெறம் கொஞ்சமும் குறையல, கூடல. “போட்டோவுக்கு இதுதான்க்கா. வாங்கறப்ப ஆயிரம் ரெண்டாயிரம் கூட ஆகும். ஆனா மை சல்லிசு, பாட்டில் வாங்கி ஊத்திக்கலாம். தோல் நெறம் உள்ளது உள்ளபடி வரும்”னாரு ஜெரால்டு.

அதுக்குப் பெரியவ என்ன சொன்னா தெரியுமா?

“என்ன சொன்னா?”

“கறுப்பாக் காட்டுதே”ன்னா.

ஜெரால்டு போட்டோவப் பாத்தாரு, போனப் பாத்தாரு, இவளப் பாத்தாரு. பாவம், யாவாரம் பண்ண வந்த மனுஷன் என்ன பேசுவாரு.

அப்போ மூலைல ஒரு மூணாவது மெஷின் இருந்துச்சு. காட்சிக்கு வெச்சிருந்தது, வெல பாதிதான். அவரு வேணாம்னுதான் சொன்னாரு, இவதான் போட்டுக் காட்டுங்கன்னு நின்னா. க்ளக்... க்ளக்... கீஈஈச்! ஒரு வழியா வந்துச்சு. பாத்தா, மூஞ்சி ரோஸ் கலர்ல இருக்கு! பன்னீர் ரோஜா மாதிரி வெளுத்துப் போயி, வேற யாரோ ஒருத்தி அங்க நின்னு சிரிக்கறா. பச்சைப் புடவை நீலமா இருக்கு.

“அய்யோ இது அடைச்சுக்கிட்டு இருக்குக்கா. மஞ்சள் மையும் கறுப்பு மையும் இறங்கவே இல்ல. ஒரு பத்து நிமிஷம் இருங்க, க்ளீன் பண்ணிட்டுச் சரியாப் போட்டுக் காட்டறேன்”னாரு.

“வேணாம் வேணாம்! க்ளீன் பண்ணாதீங்க. அப்படியே குடுங்க”ன்னா அவ.

“கெட்டுப் போனதையா வாங்குனா?”

கெட்டுப் போனதையேதான்டி. உலகத்துலயே ரிப்பேர் மெஷினத் தேடிப் புடிச்சு, ரிப்பேர் பண்ணாதீங்கன்னு கெஞ்சி வாங்கிட்டு வந்தவ அவ ஒருத்தியாத்தான் இருப்பா. நீ சிரிக்கற. சிரி. அவளும் அன்னிக்கு பஸ்ல சிரிச்சுக்கிட்டேதான் வந்தா, அட்டைப்பெட்டிய மடில வெச்சுக்கிட்டு.

வீட்டுக்கு வந்து இருபது போட்டோ அடிச்சா. சின்னவ ஒண்ணக் கையில எடுத்துப் பாத்துட்டு, “என்னக்கா, என் பச்சைப் புடவை நீலமா இருக்கு?”ன்னா. “போட்டோன்னா அப்படித்தான் முன்னப் பின்ன விழும், உனக்கென்ன தெரியும்”னு வெடுக்குன்னு புடுங்கி உறைல போட்டுட்டா. சின்னவ புடவையப் பத்தி மட்டும்தான் கேட்டா. மூஞ்சியப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தாக்கூட ஏதாவது சண்டை போட்டு மழுப்பியிருக்கலாம்.

“ம்.”

அப்புறம் ஒரு நாள் முசிறிலேந்து ஒரு குடும்பம் பொண்ணு பாக்க வந்தாங்க. அந்தம்மா நல்ல தாட்டியா, நிதானமா இருந்தாங்க. கூடத்துல பாய் விரிச்சாச்சு, பஜ்ஜி போட்டாச்சு, கேசரி கிண்டியாச்சு. அப்போ உள்ளேந்து என் தங்கச்சி தட்டத் தூக்கிக்கிட்டு அதே பச்சைப் புடவைல வந்து...

“உன் தங்கச்சியா? அப்போ எங்கம்மாவா?”

...

“பெரியம்மா, எங்கம்மாவா?”

ஆமாடி. உங்கம்மா சுகந்திதான். இனிமே அவ இவன்னு சொல்லி என்ன ஆகப் போவுது. அந்தக் கெட்டவ நான்தான். என்னய அப்படிப் பாக்காத, அந்தப் பக்கம் திரும்பிப் படு. அப்போதான் என்னால சொல்ல முடியும்.

“ம்.”

அந்தம்மா கைப்பையத் திறந்து போட்டோவ எடுத்தாங்க. போட்டோவப் பாத்தாங்க, உங்கம்மாவப் பாத்தாங்க. மறுபடி போட்டோவப் பாத்தாங்க. “இது எந்தப் பொண்ணோட போட்டோம்மா?”ன்னு கேட்டாங்க. நெசமாவே தெரியாமத்தான் கேட்டாங்க, கிண்டல் இல்ல. உங்கம்மா காப்பித் தட்டோட நடுக்கூடத்துல நிக்கறா.

அப்போவாவது நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும். இல்ல, தப்பு எம்மேலன்னு சொல்லியிருக்கணும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அவதாங்க இவ. பள்ளிக்கூடத்துக்கு வெயில்ல போயிட்டு வர்றதுல கொஞ்சம் கறுத்துட்டா. கல்யாணத்துக்குள்ள தெளிஞ்சிருவா”ன்னேன். சேத்துல உருண்டு வந்த ஆட்டுக்குட்டியப் பத்திச் சொல்ற மாதிரி சொன்னேன். அவ நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா.

அந்தம்மா காப்பிய எடுக்கவே இல்ல. “நாங்க நெறம் கேக்கவே இல்லையேம்மா. படிச்ச பொண்ணா இருந்தாப் போதும்னுதான தரகர்கிட்டச் சொல்லி விட்டோம். என் பையனும் கறுப்புதான். இப்போ எங்க மனசு சங்கடப்படுது. இதுலயே இப்படின்னா, நாளைக்கு நீங்க சொல்றதுல எத நம்பறது?”ன்னாங்க. உங்கம்மா கிட்டப் போயி அவ கன்னத்தத் தொட்டு, “உம்மேல தப்பு இல்ல கண்ணு”ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. என்னப் பாக்கக் கூட இல்ல. பஜ்ஜியெல்லாம் அப்படியே ஆறிப் போச்சு.

“அம்மா அழுதாளா?”

அழுதிருந்தா நல்லா இருந்திருக்குமே. நேரா உள்ள போனா. அந்த மெஷினோட வந்த புத்தகத்தப் புரட்டுனா. கணக்கு டீச்சர் இல்லையா, ஒவ்வொரு வரியா விரல் வெச்சுப் படிச்சா. அப்புறம் அடைப்பு எடுக்கற பொத்தான அமுக்குனா. கிர்ர்ர்ர்... ஒரு போட்டோ போட்டா, இன்னும் வெளுப்பு. மறுபடி அமுக்குனா. கிர்ர்ர்ர்... புடவைல கொஞ்சம் பச்சை வந்துச்சு, மூஞ்சி திட்டுத் திட்டா இருந்துச்சு. மூணாவது தடவை அமுக்குனா. கிர்ர்ர்ர்... அடைப்பெல்லாம் விட்டுப் போச்சு போலருக்கு. அவளே வந்துட்டா. திருச்சில ரெண்டாவது மெஷின்ல பாத்த அளவுக்கு இல்ல, ஆனாலும் அவதான்.

அந்தப் போட்டோவக் கொண்டாந்து என் மடில வெச்சா. “அக்கா, இதப் பாக்கறதுக்கு உனக்கு அவ்வளவு கஷ்டமா இருக்கா?”ன்னு கேட்டா. சத்தமே போடல. “ஊருக்காகப் பண்ணேன்னு சொல்லாத. ஊரு பாக்கறதுக்கு முன்னாடி நீதான பாத்தே. வெளுப்பா வந்தப்போ உனக்குத்தான சந்தோஷமா இருந்துச்சு?”ன்னா.

“நீ என்ன சொன்னே?”

சந்தோஷமாத்தான் இருந்துச்சு, எப்படி இல்லன்னு சொல்றது?

அந்தப் போட்டோவத்தான் அவளே உங்கப்பா வீட்டுக்குக் குடுத்து விட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. உங்கப்பா வந்தாரு, கல்யாணம் ஆச்சு, நானும் முன்னாடி நின்னு சீரெல்லாம் செஞ்சேன். ஊருக்கு நாங்க ஒத்துமையான அக்கா தங்கச்சிதான்.

“அவ்வளவுதானா?”

இன்னும் ஒண்ணு இருக்கு. அத எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீ பொறந்தன்னிக்கு ஆஸ்பத்திரில மொத மொத உன்னக் கையில வாங்குனது நான்தான். எல்லாரும் கண்ணப் பாப்பாங்க, வெரல எண்ணுவாங்க. நான் உன் காது மடலத் திருப்பிப் பாத்தேன்.

“காதையா? எதுக்கு?”

பச்சப்புள்ளைங்க பொறந்தப்ப செவந்துதான் இருக்கும். நாளாக நாளாக என்ன நெறம் வரும்னு காது நுனியப் பாத்தாத் தெரியும்பாங்க. அவ்வளவு நடந்ததுக்கு அப்புறமும் என் கை தன்னால அங்கதான் போச்சு. நிமிந்து பாக்கறேன், உங்கம்மா கட்டில்ல படுத்துக்கிட்டு என்னயவே பாத்துக்கிட்டு இருக்கா. கைய நீட்டுனா. உன்ன வாங்கி, செவுத்துப் பக்கமாப் படுக்க வெச்சுக்கிட்டா. அந்த நிமிஷம் தரை பொளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சு எனக்கு. இப்பவும் உன் தலைல எண்ணெய் வெக்கறப்போ, அந்தக் காதுகிட்ட கை போனா எனக்குக் கூசும்.

“நீ அம்மாகிட்ட ஸாரி சொன்னியா?”

இல்ல.

“ஒரு தடவை கூடவா?”

ஒரு தடவை கூட இல்ல. வருஷா வருஷம் தீபாவளிக்குப் புடவை எடுத்துக் குடுக்கறேன். உனக்குத் தோடு பண்ணிப் போட்டேன். அவளுக்கு டைபாய்டு வந்தப்போ பதினஞ்சு நாள் வந்து கெடந்து கஞ்சி வெச்சுக் குடுத்தேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில வர மாட்டேங்குது. வெக்கம்டி. சொன்னா, நடந்ததெல்லாம் நெசம்னு ஆயிடுமோன்னு பயம்.

“நான் வேணா போய் அம்மாகிட்ட சொல்லட்டா?”

ஏய், படு. எந்திரிக்காத. அத நீ சொல்லக் கூடாது. உங்கம்மா எங்க இருக்கா இப்போ?

“மொட்டை மாடில. காஞ்ச துணி எடுக்கப் போனா.”

தனியாவா இருக்கா?

“ம்.”

சரி. கைய எடு, நான் எந்திரிக்கணும். இந்தக் கதை பாதியிலதான் நிக்குது ஆதிரை. மிச்சத்த மாடிக்குப் போயி அவகிட்டதான் சொல்லணும். நீ கண்ண மூடித் தூங்கு.