விட்டால் வலை போய்விடுமா?

“மறுபடி குடிச்சிட்டேன் அக்கா.”

லூர்து அக்கா கரைவலைக் கயிற்றைப் பிடித்து இழுத்தபடி பின்னால் பின்னால் நடந்துகொண்டிருந்தாள். நடை நிற்கவில்லை.

“சாப்பிட்டீகளா அண்ணாச்சி?”

தங்கப்பழம் அவளைவிட மூத்தவர். பஞ்சர் கடைக்காரர். ஆனாலும் அந்தக் கரையில் எல்லாருக்கும் அவள் அக்காதான்.

அவளோடு கயிறு இழுக்கிறவர்கள் அத்தனை பேரும் குடியை விட்டவர்கள். அவளும்தான். வலை கரையேறியதும் மணலில் உட்கார்ந்து மனசு விட்டுப் பேசுவார்கள். தங்கப்பழம் அந்தப் பேச்சுக்கு மட்டும் வருவார். இழுக்கக் கூப்பிட்டால் செருப்புக்குள் மணல் ஏறுகிறது என்பார்.

இன்று முன்னாலேயே வந்துவிட்டார். இனி வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போக.

அவள் கூடவே நடந்து சொன்னார். மச்சினன் வீட்டுக் கல்யாணமாம். ஒரே ஒரு வாய்தானாம். மகள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். இத்தனை மாசமும் வீணாம். திரும்ப முதலிலிருந்து தொடங்கத் தெம்பில்லையாம். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூக்குறிஞ்சல்.

“கை சும்மாத்தான இருக்கு,” என்றாள் அக்கா. “பிடிங்க.”

பிடித்தார்.

கயிறு சுருட்டுகிற இடம் வந்ததும் கடைசியில் நின்ற அக்கா கையை விட்டாள். விறுவிறுவென்று தண்ணீர் ஓரத்துக்கு இறங்கிப் போனாள்.

அடுத்த கடைசி ஆள் தங்கப்பழம்.

அவர் விடவில்லை. குதிகால் மணலில் புதைய, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

“விடுங்க அண்ணாச்சி,” என்றான் கயிறு சுருட்டுகிறவன்.

“நான் விட்டா வலை போயிரும்லா?”

அவருக்கு முன்னால் நின்றவன் சூசை. யார் குரலென்றாலும் அச்சாக எடுத்துவிடுவான்.

“நான் விட்டா வலை போயிரும்லா?” என்றான், அதே மூக்குறிஞ்சலோடு.

வரிசை முழுக்கச் சிரித்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தும் ஒரு கைகூடத் தளரவில்லை.

தங்கப்பழம் அந்தக் கைகளைப் பார்த்தார்.

பிறகு விட்டார்.

கயிறு தொய்யவில்லை.

தண்ணீர் ஓரத்துக்கு இறங்கிப் போனார். அங்கே அக்கா மறுபடி கயிற்றைப் பிடித்து, தனக்கு முன்னால் ஒரு ஆளுக்கு இடம் விட்டு நின்றாள்.

“மறுபடி முதல்ல இருந்தா, அக்கா?”

அவள் தாடையால் கடலைக் காட்டினாள்.

வந்தபோது புள்ளிபுள்ளியாகத் தெரிந்த வலையின் மிதவைகள் கொஞ்சம் கிட்டே வந்திருந்தன.

வெகுநேரம் பார்த்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஈரக் கயிற்றைப் பிடிக்கக் குனிந்தார்.

“செருப்பைக் கழட்டிப் போட்டுருங்க அண்ணாச்சி,” என்றாள் அக்கா.